முழுங்கி வளையம்

அக்டோபர் மாதத்து வரைபடத்தை மெட்டில்டா அச்சடித்து, வலைக்கூடத்துக் கதவில் நாலு ஓரமும் பசை தடவி ஒட்டிய புதன்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, ஏழுகல்துறைக் கடல் அந்தப் படத்தில் இருந்த நிறங்களை எடுத்துத் தானும் உடுத்திக்கொண்டது. கரையிலிருந்து கடலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் ஏழு பாறைகளில் முதல் கல்லைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், இரண்டாவது கல்லில் தொடங்கி ஐந்தாவது கல்வரைக்கும் பச்சை, ஆறாவது கல்லைச் சுற்றி மஞ்சள், ஏழாவது கல்லுக்கு அப்பால் சிவப்பு என்று, அலை வந்தாலும் போனாலும் கலங்காமல் கிடந்தது. ஏலத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்; பார்த்துவிட்டு, சாளை மீனுக்கு இன்னும் விலை படியவில்லை என்பதால் மறுபடி ஏலக்காரன் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் படம் என்னவென்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஆண்கள் போனால் நாற்பது நாள், லட்சத்தீவைத் தாண்டி, மாலத்தீவைத் தாண்டி, செல்போனெல்லாம் வெறும் கண்ணாடியாகிவிடும் கடலுக்குப் போகிறவர்கள், அங்கிருந்து ஒரு சொல் வீட்டுக்கு வரவேண்டுமானால் வயர்லெஸ் செட்டில்தான் வரவேண்டும், வயர்லெஸ்ஸில் பேசும் குரல் நேராக வருவதில்லை, மேலே போய் வானத்தில் ஒரு தட்டில் முட்டித் திரும்பி விழுகிறது, எங்கே விழும் என்பது மாதத்தையும் மணியையும் சூரியனில் எத்தனை பொட்டு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. மெட்டில்டா வருவதற்கு முன்னால் எங்கள் ஆண்கள் தோன்றிய நேரத்தில் தோன்றிய அலைவரிசையில் கூப்பிட்டுவிட்டு, பதில் வராதபோது செட்டை அடித்தார்கள்.

மெட்டில்டா வலைக் கம்பெனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள். மறைமாவட்டத்துக்காரர்கள் ஒரு பழைய கம்ப்யூட்டரையும், குரல் விழும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்றையும் கொடுத்து, இதைப் படிக்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது, வேறு யாரும் கை தூக்காததால் அவள் தூக்கினாள். மென்பொருள் கேள்வி கேட்கும்: எந்த மாதம், எந்த மணி, சூரியனில் பொட்டு எத்தனை, குரலை மேலே ஏற்றும் கம்பி எவ்வளவு உயரம், எந்த அலைவரிசையில் பேசப்போகிறாய். பதிலைச் சொன்னால் கடலை வரைந்து நிறம் போட்டுக் கொடுக்கும். பச்சையில் இருப்பவனுக்கு நன்றாகக் கேட்கும், மஞ்சளில் இருப்பவனுக்குக் காதைத் தீட்டிக்கொண்டால் கேட்கும், சிவப்பில் இருப்பவனை மாதாவிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான். ஆறே மாதத்தில் அவள் அந்தப் படங்களைச் சில பெண்கள் கோலத்தைப் படிப்பதுபோலப் படித்தாள். "வானம் என்ன உங்க வீட்டு வேலைக்காரியா, கூப்பிட்ட நேரத்துக்கு வாறதுக்கு? அதுக்கு நேரம் உண்டாக்கும்" என்று மீசை வைத்த படகு ஓட்டுநர்களை நிற்கவைத்துச் சொன்னாள். தூரத்துக்குப் பன்னிரண்டு, பக்கத்துக்கு நாலு, கரை ஒருநாள் ஓட்டத்துக்குள் வந்துவிட்டால் செட்டை நாலாம் வரிசைக்கு மாற்று என்று எல்லாரையும் மனப்பாடம் செய்யவைத்தாள். எல்லாரும் கேட்டார்கள், அவள் புருஷன் சைரஸ் மட்டும், கட்டினவள் சொல்லைக் கேட்டால் கடலில் மதிப்பிருக்காது என்று சிரித்துக்கொண்டே போவான்.

கடல் நிறம் போட்ட மறுநாள் ஒரு குழப்பம் நடந்தது. படத்தின் மேல் மணி ஒன்பது என்று போட்டிருந்ததால் காலை ஒன்பதுக்கே பெண்கள் போய் நின்றார்கள், கடல் எப்போதும்போல் கிடந்தது, ஊரிலேயே பெரிய வாய்க்காரியான மீன்காரி கிளாடிஸ் அந்தக் காகிதத்தை அதன் ஏழு தலைமுறையோடு சேர்த்துத் திட்டினாள். மெட்டில்டாதான் சொன்னாள், அது நம் மணி இல்லை, உலகத்துக்கெல்லாம் பொதுவான மணி, அஞ்சரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று. இரண்டரைக்குச் சரியாகப் பச்சை வந்தது. அன்று சாயங்காலமே கோயில் உபதேசியார் பழைய கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை மாட்டி, அதற்கு வானமணி என்று பெயர் வைத்து, திருப்பலி மட்டும் நம் மணியில்தான் நடக்கும் என்று அறிவித்தார்.

மூன்றாம் நாள் கிளாடிஸ் நாலாவது கல்லருகே பச்சைத் தண்ணீரில் மீன்கூடையை அலசிக்கொண்டே, "இந்த மனுசன் சோறு தின்னாரோ என்னவோ" என்று தன்பாட்டுக்குச் சொன்னாள். அவள் முட்டியைச் சுற்றியிருந்த தண்ணீரிலிருந்து, லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ததேயுவின் குரல், "தின்னேன், தின்னேன். நீ எங்க நின்னு பேசுத?" என்றது.

"முட்டளவு தண்ணியில நிக்கேன்."

"அங்கயே நில்லு. அசையாத."

அதன்பிறகு செட்டை யார் தொடுவார்கள்? ஊர்க்கமிட்டி கூடி, குடும்பத்துக்குப் பத்து நிமிடம், நாலாவது கல் லட்சத்தீவுக் கடலில் இருப்பவர்களுக்கு, ஐந்தாவது கல் மாலத்தீவுக் கடலில் இருப்பவர்களுக்கு, குடை பிடிக்கலாம், நாற்காலி போடக்கூடாது என்று விதி எழுதியது. பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றபடியே பிள்ளைகளின் மார்க்கைச் சொன்னார்கள், ஒருத்திக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள், ஒரு வீட்டில் சாம்பாருக்கு உப்பு கூடிப்போனதைக்கூட ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவனிடம் சொல்லி யோசனை கேட்டார்கள். வயர்லெஸ் செட்டுக்குப் பூப்போட்ட துணி போர்த்தினோம். ஜெபமாலை மாதா திருவிழாவுக்கு மைக்செட் போட அதன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனோம். கூரைமேல் ஓடிய கம்பியில் பாவாடை காய்ந்தது. மெட்டில்டா வேண்டாம், வேண்டாம் என்று சொல்லத்தான் செய்தாள். எங்கள் காது அப்போது தண்ணீரில் இருந்தது.

வெள்ளை வளையத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வானத்தில் முட்டித் திரும்பும் குரல் தூரத்தில்தான் விழும், பக்கத்தில் இருப்பவனின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும், அப்படித் தாண்டப்பட்டு எதுவும் கேட்காத கடல்தான் படத்தில் வெள்ளையாக வருகிறது என்று மெட்டில்டா விளக்கினாள். தூரத்து மாமனுக்குக் கேட்கும், பக்கத்து மச்சானுக்குக் கேட்காது என்று நாங்கள் புரிந்துகொண்டோம். முதல் கல்லைச் சுற்றிய அந்த வெள்ளைத் தண்ணீரில் இறங்கி நின்று என்ன பேசினாலும், கைநீட்டும் தூரத்தில் நிற்பவளுக்குக்கூடக் கேட்காது. பெண்கள் அதற்கு முழுங்கி என்று பெயர் வைத்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், எங்களுக்கு ஒரு உலைமூடி கிடைத்தது. இரண்டரை மணிக்குப் பச்சைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் வழியில் முழுங்கியில் ஒரு நிமிடம் நின்று, வீட்டில் சொல்லமுடியாததைச் சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கரையேறினார்கள். மாமியாரைத் திட்டினார்கள், மருமகளைத் திட்டினார்கள், பழைய பெயர் ஒன்றைச் சொல்லி அழுதார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் குறைந்துவிட்டது என்று பங்குச்சாமி எட்வின் வருத்தப்பட்டார்; பிறகு ஒருநாள் அவரே அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே நெடுநேரம் உதடசைத்து நின்றதை உபதேசியார் பார்த்தார், பார்த்ததை அவரும் முழுங்கியில் போய்ச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது வாரத்தில் ததேயுவின் படகு இன்னும் தெற்கே போய்ச் சிவப்புக்குள் விழுந்துவிட்டது. வேறு வரிசையில் வேறு படம் போட்டு ஒட்டு என்று கிளாடிஸ் வந்து நின்றாள். அந்த மணிக்கு அவ்வளவு தூரம் எந்த வரிசையும் எட்டாது என்று மெட்டில்டா சொல்லியும் கேட்கவில்லை. சரி, பார்த்துக்கொள் என்று எட்டாம் வரிசைப் படத்தை அச்சடித்து ஒட்டினாள். சிவப்பு நகரவில்லை. ஆனால் வெள்ளை வளையம் வெளியோரத்தில் இரண்டு முழம் சுருங்கியது, சுருங்கிய இடம் பச்சையானது, பச்சையானதுதான் தாமதம், அந்த இரண்டு முழத்தில் நின்று யார் யார் என்னென்ன சொல்லியிருந்தார்களோ அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, அந்தத் தூரத்தில் போய்க்கொண்டிருந்த பக்கத்து ஊர்ப் படகொன்றின் செட்டில் போய் விழுந்தது. கிளாடிஸ் தன் மாமியாரின் பல்செட்டைப் பற்றிச் சொன்னது மூன்றே நாளில் எல்லாத் துறைக்கும் தெரிந்துவிட்டது.

மெட்டில்டா அந்தப் படத்தைக் கிழித்தாள். முழுங்கி எதையும் தின்றுவிடவில்லை, வைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இனி இந்த மாதம் முடியும்வரை யாருக்காகவும், எதற்காகவும் படத்தை மாற்றுவதில்லை என்று அவள் கோயில் முற்றத்தில் வைத்துச் சொன்னாள், நாங்களும் தலையாட்டினோம். "படம் என்ன அவ அப்பன் வீட்டுப் படமா? தனக்கு வந்தா தெரியும் தலைவலியும் காய்ச்சலும்" என்று சொல்லிவிட்டுக் கிளாடிஸ் அவளோடு பேச்சை நிறுத்தினாள்.

இருபத்தெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் புயல் எச்சரிக்கை வந்தது. குமரிக்குத் தென்மேற்கே உருவாகி நம் கரைநோக்கி நகர்கிறது, விடிவதற்குள் பலமாகும் என்றார்கள். தூரத்துப் படகுகளெல்லாம் அதற்கு எட்டாத கடலில் இருந்தன. ஒரு படகு மட்டும் எட்டும் கடலில் இருந்தது. சைரஸின் 'விண்ணரசி' முந்தாநாள் ஐந்தாவது கல்லில் பேசும்போது, மீன் நிறைந்துவிட்டது, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் என்று சொல்லியிருந்தது. நேற்று எந்தக் கல்லிலும் அதன் குரல் இல்லை. ஒருநாள் ஓட்டத் தூரத்தில், வெள்ளைக்குள், நேராகப் புயலின் வாய்க்குள் அது வந்துகொண்டிருந்தது. படகில் பதினொரு பேர். சைரஸ் தவிர மற்றப் பத்துப் பேரும் ஒடிசாக்காரர்களும் வங்காளக்காரர்களும், அவர்களுடைய அம்மாமார்கள் கடலே இல்லாத ஊர்களில் இருந்தார்கள்.

மெட்டில்டா வலைக்கூடத்துக்கு ஓடிச் செட்டின் பூத்துணியை எடுத்தாள். பேட்டரி இல்லை. உள்ளே உப்புக்காற்று ஏறிக் கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. எங்கள் ஊரில் வெட்கப்படத் தெரிந்தவர்கள் அன்று வெட்கப்பட்டார்கள்.

அவள் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். மாதம் அக்டோபர். வானமணி பன்னிரண்டு, நம் மணிக்கு மாலை அஞ்சரை. வரிசை நாலு. கம்பியின் உயரத்தைக் கணக்கில் கூரையிலிருந்து ஆள் உயரத்துக்கு இறக்கிப் போட்டாள், அப்போது குரல் நேர்மேலே போய் நேர்கீழே விழும். சொடுக்கினாள். படம் வந்தது. தூரத்துப் பச்சை மொத்தமும் மறைந்து, எங்கள் கரையைச் சுற்றி ஒரே ஒரு பச்சைவட்டம், நடுவில் ஓட்டையில்லாமல், வளையமே இல்லாமல். முப்பத்தைந்து நிமிடம் நிற்கும் என்று பக்கத்தில் இருந்த கோடு சொன்னது. இவ்வளவு சுத்தமான படத்தை அவள் அதுவரை போட்டதில்லை. அதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தாள்.

ஏனென்றால் முழுங்கியில் அதிகநேரம் நின்றவள் அவள்தான். ஜூன் மாதத்தில், சைரஸ் கடலுக்குப் போய் இருபது நாளில், அவளுக்கு மூன்று மாதக் கரு கலைந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாள். அந்த வாரம் முழுக்க அவன் இருந்த கடல் சிவப்பு. அவன் திரும்பி வந்தபோது மீன் நன்றாகப் பட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே வந்தான், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள், பிறகு என்பது வரவில்லை. அக்டோபர் முழுக்க, ஒரு நாள் விடாமல், அவள் அதை வெள்ளைத் தண்ணீரிடம் சொன்னாள். ஏன் நீ இல்லை என்றும் சொன்னாள். இருந்தாலும் நீ என்ன செய்திருக்கப்போகிறாய் என்றும் சொன்னாள். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது.

சாமியிடம் போய் மணி அடிக்கச் சொன்னாள். ஊர் முற்றத்தில் கூடியது. படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இத ஒட்டினா வளையம் மூடிரும். விண்ணரசிக்கு நம்ம சத்தம் கேக்கும். அதோட, நாம எல்லாரும் உள்ள போட்டதும் போவும், பதினோரு பேருக்கும் கேக்கும். மாத்தமாட்டேன்னு சொன்னவ நான். எம் மாப்பிள்ளைக்காக இப்ப மாத்தணும்னு வந்து நிக்கேன். நீங்க சொல்லுங்க."

ஒவ்வொருவரும் அவரவர் சொல்லியதை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். உபதேசியார் செருப்பைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் சாமியைப் பார்த்தோம், அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் முகம் இரண்டு தடவை வெளுத்தது. "பதினோரு உயிர். போகட்டும்" என்றார் கடைசியில், மெதுவாக.

கிளாடிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எனக்கென்ன, எஞ்சங்கதிதான் பல்செட்டு வரைக்கும் போயாச்சே" என்று சொல்லிவிட்டு, மெட்டில்டாவின் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய், பழைய படத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, புதியதைக் கதவில் அறைந்து ஒட்டினாள்.

அஞ்சரைக்குக் கடல் ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. முதல் கல்லருகே தனியாக நிற்கமுடியாது என்பதால், கிளாடிஸ் பின்னாலிருந்து மெட்டில்டாவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வெள்ளைத் தண்ணீர் ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளே, முதல் கல்வரைக்கும் பச்சையானது, அப்போது ஒரு மாதமாக அதற்குள் கிடந்த குரல்களெல்லாம் சேர்ந்து எழும்பின. அந்த நேரத்தில் எங்கள் ஊர் செய்த காரியத்தை நான் எங்கே போனாலும் சொல்வேன். யாரும் சொல்லாமலே, கரையில் நின்ற நானூறு பேரும், சாமியும், கைப்பிள்ளைக்காரிகளும், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள், பிள்ளைகளின் காதைப் பக்கத்தில் நின்றவர்கள் பொத்தினார்கள், முப்பத்தைந்து நிமிடமும், முழங்கை கடுக்கக் கடுக்க, ஒருவரும் கையை எடுக்கவில்லை.

காதைப் பொத்தாதவர்கள் இரண்டே பேர். பதில் வருகிறதா என்று கேட்கவேண்டியிருந்ததால் மெட்டில்டா பொத்தவில்லை. அவளைப் பிடித்திருந்ததால் கிளாடிஸால் பொத்த முடியவில்லை. ஊர் முழுவதின் ரகசியமும் ஊரின் பெரிய வாய்க்காரியின் காதோரமாகப் போனது. அதில் ஒரு சொல்கூட அந்த வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை, கேட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

"விண்ணரசி, விண்ணரசி, ஏழுகல்துறை பேசுது. புயல் உங்க முன்னால நிக்கு. கரைக்கு நேரா வராதீங்க. வடக்க திரும்புங்க. கொல்லம் பக்கம் கரை பிடிங்க" என்று மெட்டில்டா சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள், ஜெபமாலை சொல்வதுபோல ஒரே சுருதியில் சொன்னாள், நடுவில் தன்னுடைய குரலே ஜூன் மாதத்தைச் சொல்லிக்கொண்டு தன்னைத் தாண்டிப் போனபோதும் நிறுத்தவில்லை. பதில் இல்லை. செட்டை நாலுக்கு மாற்றினானோ இல்லையோ, அவள் சொன்ன எதையாவது அவன் எப்போதாவது கேட்டிருக்கிறானோ என்று கிளாடிஸ் அவள் முதுகில் முகத்தை வைத்து மாதாவிடம் முறையிட்டாள். ஆறு மணி ஆனது. ஆறு மணி மூன்று நிமிடம் ஆனது. பச்சை ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியது.

"கேக்குது" என்றது தண்ணீர். சைரஸின் குரல்தான், ஆனால் சிரிப்பில்லாத குரல். "வடக்க திருப்பியாச்சு. நீ கரையேறு மெட்டில்டா, கடல் சரியில்ல."

"எவ்வளவு நேரமா கேக்குது?" என்று அவள் கேட்டாள். பச்சை போய்விட்டிருந்தது.

புயல் இரண்டு நாள் அடித்தது. எங்களுக்கு இருபது கூரை போனது, வலைக்கூடத்துக் கதவு படத்தோடு போனது. வெள்ளிக்கிழமை பதினொரு பேரும் கொல்லத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஊர் அவர்களைச் சுற்றி நின்றது, கட்டிப்பிடித்தது, சோறு போட்டது, ஆனால் யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை. கடைசியில் சாமிதான் துணிந்து கேட்டார், செட்டில் என்ன கேட்டது என்று. பதினொரு பேரில் மூத்தவன், வங்காளக்காரன், எங்கள் பாஷையில் தட்டுத்தடுமாறிச் சொன்னான்: "புயல் வருது, வடக்க போ. ஒரு பொம்பள சொன்னா. வேற ஒண்ணும் கேக்கல சாமி." மற்றவர்களும் ஆமாம் என்றார்கள், ஒரே மாதிரி, படகிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள்போல. சைரஸும் ஆமாம் என்றான். சாமி அந்த வங்காளக்காரனின் தலையில் கைவைத்தார், கையை எடுக்க வெகுநேரம் ஆனது.

நவம்பர் படத்தை மெட்டில்டா சனிக்கிழமை ஒட்டினாள். கடல் அதைக் கண்டுகொள்ளவில்லை. பேட்டரியைத் திருப்பி வாங்கினோம், கம்பியிலிருந்து துணிகளை எடுத்தோம், செட்டைக் கழற்றித் துடைத்தோம். இரண்டரைக்கு அவள் கூப்பிட, தூரத்துப் படகுகள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல, பெண்கள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

மறுநாள் கல்லறைத் திருநாள். சாயங்காலம் எல்லாரும் மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சைரஸுக்கு அங்கே அப்பாவும் அம்மாவும், ஒவ்வொரு வருஷமும் இரண்டு திரி. இந்த வருஷம் மூன்று வாங்கினான். இரண்டைக் கல்மேல் ஏற்றினான். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கல்லறைக்கும் நடுவே மணலை விரலால் கூட்டி ஒரு கைப்பிடி மேடு செய்து, மூன்றாவதை அதில் நட்டான். நாங்கள் பக்கத்துக் கல்லறைகளில் நின்றிருந்தோம்.

"ஜூன்ல எந்தத் தேதி?" என்று கேட்டான், நிமிராமல்.

"பதினாலு" என்றாள் மெட்டில்டா. "சனிக்கிழமை."

"நம்ம பிள்ளைக்கு" என்று சொல்லிக்கொண்டே தீக்குச்சியை உரசினான். இரண்டு குச்சி காற்றில் அணைந்தது. மெட்டில்டா சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காற்று வந்த பக்கத்தில் உட்கார்ந்தாள்.